ஏரிக்கரையில் எதிரெதிரே

இன்று காலை எங்கள் பள்ளிப் பேருந்து ஏரிக்கரையில் நின்றுவிட்டது. எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர். ஒதுங்க இடமில்லை. ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உங்கள் குரல் கேட்டது, சின்னம்மா: "அங்க எவன் பாப்பா பின்னால எடுப்பான்?"

புற்றுநோய் என்று சொல்லி, சேலத்து மருத்துவமனையிலிருந்து உங்களை வீட்டுக்கு அழைத்து வந்திருந்த நேரம் அது. கட்டிலருகே உயிரியல் படித்துக்கொண்டிருந்த என்னிடம், "எனக்கு ஏன் பாப்பா இது வந்துச்சு?" என்று கேட்டீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். செல்லுக்குள் டி.என்.ஏ. இழையின் மேல் ஓர் இயந்திரம் முழுவதையும் நகலெடுத்துக்கொண்டே ஓடும். அதே இழையில் இன்னொன்று, வேண்டிய மரபணுவை மட்டும் படித்து ஆர்.என்.ஏ. எழுதிக்கொண்டு ஓடும். இரண்டும் மோதாதபடி நேரத்தையும் திசையையும் செல்லே பார்த்துக்கொள்ளும். எப்போதாவது எதிரெதிரே முட்டினால் இழை அறுந்துபோகலாம். ஒட்டும்போது பிழை நேரலாம். அப்படிச் சேரும் பிழைகளில் சில புற்றாகவும் மாறலாம்.

"நம்ம ஏரிக்கர ரோடு கணக்கா. அங்க எவன் பாப்பா பின்னால எடுப்பான்?" என்று சிரித்தீர்கள். பிறகு மெதுவாக, "அப்ப நான் ஒண்ணும் பண்ணல?"

"உங்களுக்கு இப்படித்தான் வந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா நீங்க ஒண்ணும் பண்ணலைங்க, சின்னம்மா."

அன்று இன்னோர் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். உங்கள் மாமியார் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, "பொம்பள அடங்கி இருந்திருந்தா இதெல்லாம் வருமா? வாய்க்கு வந்த வினை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எங்க பாப்பா பன்னெண்டாவது படிக்குது. அதக் கேளுங்க, சொல்லும்."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

வகுப்பில் முதலில் கை தூக்குகிற நான். நீங்கள் கோபப்படவில்லை. "இன்னும் அந்தப் பாடம் நடத்தலையாட்டம்" என்று என்னைக் காப்பாற்றிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

நேற்று ரேஷன் கடை வரிசையில் உங்கள் மாமியார் யாரிடமோ அந்த 'வாய்க்கு வந்த வினை'யையே சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படி இல்லைங்க, ஆயா. சின்னம்மா ஒண்ணும் பண்ணல" என்று ஆரம்பித்து, இழை, மோதல், பிழை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவளுக்கு இப்ப எதுக்குடி பாடம்?"

உங்களுக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டும், சின்னம்மா. வகுப்பில் அந்தப் பாடத்தை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நடத்தி முடித்திருந்தார்கள்.