எந்திரப் போரின் கடைசி அத்தியாயம்

12-6-1962, செவ்வாய்

பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதிவரும் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை நாளை கொடுக்க வேண்டும். கதையில், அறிவு வந்த எந்திரங்கள் முதலில் கணக்குப் போட்டன. பிறகு ரயிலையும் அணையையும் பிடித்துக்கொண்டன. மனிதர்கள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எந்திரங்கள் வெயிலைக் கொண்டே ஓடக் கற்றுக்கொண்டன. முடிவில் மனிதர்கள் ஜெயிப்பதாக நினைத்து வைத்திருந்தேன்.

இன்று நான்காம் பாரம் ரோஸ்மேரியின் அம்மா ஞானம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு டி.சி. கேட்டு வந்தார். ஆவூரில் வீடு வீடாகப் போய் நெல் குத்தியவர். போன வருஷம் ரைஸ் மில் வந்த பிறகு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. மகளைத் திருச்சியில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறார்.

“எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கட்டுமே” என்றேன்.

“அதுவரைக்கும் என்னத்தத் திங்கிறது டீச்சர்?” என்றார். பிறகு அவரே, “ஒங்க கதைய இவ எனக்குப் படிச்சுக் காட்டுவா. அந்த மிசினுங்க ஜெயிச்சா நம்மளக் கொன்னுபோடுமா?” என்று கேட்டார்.

“கொல்லாதுங்க. நாம வேணாம்னு விட்டுட்டுப் போயிரும்.”

லேசாகச் சிரித்தார். “அப்ப எங்க வீட்டுல அந்தச் சண்டை போன வருசமே முடிஞ்சிருச்சு.”

ரோஸ்மேரி என்னைப் பார்க்கவில்லை. டி.சி.யில் விலகும் காரணம் எழுதும் இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதி, தலைமையாசிரியை என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.

மனிதர்கள் ஜெயிக்கும் அத்தியாயம் இன்னும் ஒரு வரிகூட ஆகவில்லை. எழுதினாலும் படியெடுக்க ஆளில்லை; இதுவரை என் கதையைப் பத்திரிகையில் முத்து முத்தாகப் படியெடுத்தவள் ரோஸ்மேரிதான்.