இன்னொரு மாப்பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு மாணவி எனக்கு வாய்த்திருக்கிறாள். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போச்சு. ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு வண்டியில் உயிர்ப்பயம் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தேன். என் காலுக்கிடையே புகுந்து எனக்கு முன்னால் ஒரு பூனை உள்ளே போயிற்று. செம்பட்டை நிறம், வாலின் நுனி மட்டும் வெள்ளை. பயம் என்பதே இல்லை. கூடம், சமையலறை எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி முன்னால் உட்கார்ந்து குரல் கொடுத்தது. திறந்துவிட்டேன். உள்ளே நாங்கள் இன்னும் பிரிக்காத பெட்டிகள். முகர்ந்து பார்த்தது. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சோதனைக்கு வந்த ஆபீசர் பார்வை. வந்த வழியே போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

மறுபடி வந்தது. ஆபீசர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதமாகப் போகிறது. பழைய வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் அறுவை முடிந்த பிறகு அங்கே இருக்க முடியாது என்று இவள், என் மனைவி, சொன்னாள். சரியான பேச்சுதான். எனக்குத்தான் இன்னும் ஒட்டவில்லை. விளக்கு சுவிட்சைத் தேடி எதிர்ச்சுவரைத் தடவுகிறேன். சமையலறை வாசலில் உள்ள படியில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவன் போல எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்கத் தோன்றுகிறது.

ஆபீசருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இன்று கதவெல்லாம் சாத்தித்தான் இருந்தது, ஆனாலும் உள்ளே நின்றது. பின்பக்க ஜன்னல் ஒன்று கொக்கி போட்டாலும் தள்ளினால் திறக்கும் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நேராகக் கூடத்து மூலைக்குப் போய் வெயிலில் படுத்தது. அந்த மூலையில் வெயில் விழும் என்பதே எனக்குத் தெரியாது. என் நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டேன்.

அத்தை நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்பு சொன்னார். பூனையும் வேண்டாம், முடியும் வேண்டாம், இன்றைக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு மடத்தைப் பிடுங்கும்.

மார்ச் 12, புதன்

காலையில் யாரும் பார்க்காதபோது டின் மீன் கொஞ்சம் வைத்தேன். கொஞ்சம்தான்.

மார்ச் 15, சனி

இப்படியே விட முடியாது என்கிறாள் இவள். உடம்பு புசுபுசுவென்று இருக்கிறது, நகம் சுத்தமாக இருக்கிறது, மனிதர்களைக் கண்டால் வயிற்றைக் காட்டிப் படுக்கிறது. தெருவில் பிறந்து வளர்ந்ததாக இருக்காது. யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள், முதலில் கேட்டுப் பார்ப்போம் என்றாள். யாரைக் கேட்பது? பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைவிடப் புதுசு.

இவள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். ஒரு காகிதப் பட்டையில் அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்: ‘இந்தப் பூனை உங்களுடையதா? தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. தயவுசெய்து கூப்பிடுங்கள்.’ கீழே என் எண். இழுத்தால் கிழிகிற மாதிரி லேசாக ஒட்டிக் கழுத்தில் மாட்டினாள். அந்த நேரம் முழுக்க ஆபீசர் அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கிரீமை நக்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

அழைப்பு வந்தது! நெஞ்சு திக்கென்றது. ஏன் திக்கென்று இருக்க வேண்டும்? சொந்தக்காரர் கிடைக்கட்டும் என்றுதானே எழுதி மாட்டினோம்?

கூப்பிட்டது அடுத்த தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர். பூனை ஒரு மாதமாக மத்தியானத்தில் அவர் கடையில்தான் தூங்குகிறதாம், மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறதாம். காகிதத்தைப் பார்க்கும்வரை அது பக்கத்தில் யாரோ வளர்க்கும் பூனை என்று நினைத்திருக்கிறார். “நல்ல பூனைங்க, ஆனா முதலாளி மாதிரி கண்ணாடி மேலேயே படுக்குது,” என்றார்.

ஆக, அவருடையதும் இல்லை. போனை வைத்தபின் விசில் அடித்தேனாம். இவள் சொல்கிறாள்.

மார்ச் 22, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூனைக்குத் தோலுக்கு அடியில் சிப் வைத்திருந்தால் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும் என்றார் கடைக்காரர். இன்று கால்நடை மருத்துவரிடம் போனோம். துணிக்கூடைக்குள் ஆபீசர். கூடையைப் பிடித்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும் என்று அத்தையும் கிளம்பிவிட்டார். ‘ஓட்டப் பழகுபவர்’ பலகையோடு என் பயிற்சி வண்டியில் போனோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பூனை கத்திய கத்தலைக் கேட்டு, மற்ற வண்டிக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

டாக்டரம்மா முதலில் எடை பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“எத்தனை வீட்டுல சாப்பிடுது?”

கடைக்காரர் போடும் மிச்சத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டில் காலையில் கொஞ்சம் டின் மீன், அவ்வளவுதான் என்றேன். இவள் கூரையைப் பார்த்தாள். பிறகு, சாயங்காலம் தினமும் ஒரு ஸ்பூன் கிரீம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டாள். அத்தை வெகுநேரம் கூடையின் பிடியையே ஆராய்ந்துகொண்டிருந்தார். மத்தியானத்தில் வேகவைத்த முட்டை. சில நாள் மீனும். பூனையே வேண்டாம் என்ற அதே அத்தை!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிரீம் பூனை வயிற்றுக்கு ஆகாது, யாருடைய பூனை, என்ன நோய் என்று தெரியாமல் சோறு வைக்கவே கூடாது, பத்தியத்தில் இருக்கும் பூனையாக இருந்தால் அன்பாலேயே கொன்றிருப்பீர்கள் என்றார். மூன்று பேரும் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றோம்.

பிறகு ஒரு கருவியைப் பூனையின் கழுத்துக்குப் பின்னால் வைத்தார். பீப் என்றது. கம்ப்யூட்டரில் தேடினார்.

“பேரு மாப்பிள்ளைன்னு போட்டிருக்கு.”

“சொல்லுங்க,” என்றேன். பழக்கதோஷம், அத்தை என்னை அப்படித்தானே கூப்பிடுகிறார். புரிய ஒரு கணம் ஆயிற்று. அத்தை கூடையை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா மட்டும் திரையையும் நாங்கள் எழுதிக்கொடுத்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இதுல இருக்கிற அட்ரஸ் உங்க வீட்டு அட்ரஸ்தான்.”

இரவு

தூக்கம் வரவில்லை. அலமாரி, ஜன்னல் கொக்கி, வெயில் மூலை — எல்லாம் இப்போது புரிகிறது. அது எங்களைத் தேடி வரவே இல்லை. அதன் வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம்.

மார்ச் 24, திங்கள்

சிப்பில் இருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. பலமுறை போட்டுப் பார்த்தாயிற்று.

தேடியாயிற்று. கிடைக்கவில்லை. இதற்குமேல் என்ன செய்ய?

மார்ச் 25, செவ்வாய்

நேற்று எழுதியதையே இவளிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “இவன் உங்களோட பூனையா இருந்து காணாமப் போயிருந்தா, எடுத்தவன் இப்படிச் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்றாள்.

வீட்டை அமர்த்திக் கொடுத்த புரோக்கரைக் கூப்பிட்டேன். எங்களுக்கு முன் இங்கே இருந்தவர் ஒரு நர்ஸ், பல வருஷம் இருந்தார் என்றார். புது எண்ணையும் தேடிக் கொடுத்தார்.

கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“உசிரோடயா இருக்கான்?”

அவசரமாகச் சொன்னேன்: இருக்கான்மா. நல்லா இருக்கான். கொஞ்சம் குண்டாயிட்டான்.

மார்ச் 26, புதன்

பணி முடிந்து சீருடையோடே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் பார்த்து, “மாப்பிள்ளை” என்றார். மாடியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். படிகளில் பாதியைத் தாண்டிக் குதித்து வந்தான். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் அவர் முகத்தில் முட்டி முட்டி, ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், எங்கள் மூன்று பேருக்கும் ஒரு நாளும் போடாத சத்தம்.

இவள் உள்ளே போய்விட்டாள். கண் கலங்கினால் அவள் பாத்திரம் கழுவுவாள்.

தேநீர் குடித்தபடி நர்ஸம்மா சொன்னது: ஜனவரி கடைசியில் அவருக்குக் கல்யாணம். இந்த வயசில் என்று அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். பேருந்து ஓட்டுநர் ஒருவரை. அவர் வீடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். போன சில நாளிலேயே மாப்பிள்ளை நழுவிவிட்டான். இங்கேயும் வந்து தேடியிருக்கிறார், அப்போது வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அதன்பின் தினமும் காலையில் சாலை ஓரமாகவே நடந்து பார்த்தாராம். எதைப் பார்த்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே.

புது மாப்பிள்ளை வெளியே கூடையோடு நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னோம். கூச்சக்காரர். “இந்த வீட்ல மாப்பிள்ளைங்க கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு,” என்றார் அத்தை.

கொண்டுபோய்விட்டார்கள். அதுதானே முறை.

மார்ச் 27, வியாழன்

அத்தை: ‘சனியன் விட்டுது.’ பிறகு அதன் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

வெயில் மூலையில் நான் மட்டும். பேப்பரை விரித்தால் மேலே வந்து உட்கார ஆள் இல்லை. முழுசாகப் படித்து முடித்தேன். ஒன்றும் நினைவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் நல்ல மழை. பின்பக்க ஜன்னலைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

அவன்தான். ஒரு காது கிழிந்து ரத்தம். பின்னங்காலில் கருப்பாக வண்டிக் கிரீஸ். நடுங்கினான். எப்படிடா தாண்டினே அந்த ரோட்டை? நானே வண்டியில தாண்டப் பயப்படுற ரோடு அது. மாணவங்களை அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போறதில்ல நான். லாரி லாரியாப் போகுமே. அறிவிருக்கா உனக்கு? — இப்படி ஒரு பூனையைத் திட்டிக்கொண்டே என் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். இரண்டு வகுப்புகளை ரத்து செய்தேன்.

டாக்டரம்மா காதில் தையல் போட்டார். எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது. கிரீஸ் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

நர்ஸம்மா மருத்துவமனையிலிருந்து ஓடி வந்தார். காதைப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார். திரும்பக் கூட்டிக்கொண்டு போகக் கூடையும் கொண்டுவந்திருந்தார். அதைத் திறக்கவே இல்லை.

“அவன் எனக்கு வேணாம்னு இல்லைங்க. எனக்கு அவன் உசிரோட வேணும். அதுக்கு இந்த வீடுதான் சரின்னா, இங்கயே இருக்கட்டும். நீங்க வச்சுக்குவீங்களா?”

என் மனசுக்குள் ஒரு துள்ளல், அந்தத் துள்ளலைப் பார்த்து ஒரு வெட்கம். அந்த அம்மாள் தன் ஈரக்குலையை அறுத்து வைக்கிறார், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அத்தைதான் பேசினார். “வச்சுக்கிறோம்மா. ஆனா ஒண்ணு, நீ வந்துட்டு வந்துட்டுப் போகணும். சொல்லிட்டு வரணும்னு இல்ல. பொண்ணு பொறந்த வீட்டுக்குச் சொல்லிட்டா வரும்?”

அப்போதுதான் நர்ஸம்மா அழுதார். அழுகைக்கு நடுவே, இரவு நேரப் பத்தியம், பூச்சி மருந்து, வயிற்றைத் தடவினால் கடிப்பான், முதுகைத் தடவினால் மாட்டான் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். இவள் எல்லாவற்றையும் கேக்குக்கு எழுதும் கையெழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பாட்டு நேரத்தில் அத்தை சமையலறையிலிருந்து, “மாப்பிள்ளை, வாங்க, தட்டு வச்சாச்சு,” என்றார். இருவரும் எழுந்து போனோம். எனக்கு முன்னால் அவன். தட்டு அவனுக்குத்தான். எனக்கு இன்னும் ஆகவில்லையாம்.

ஏப்ரல் 19, சனி

கண்ணை மூடுகிற மாணவி தேர்வில் தேறிவிட்டாள். கண்ணைத் திறந்துகொண்டே.

ஏப்ரல் 27, ஞாயிறு

நர்ஸம்மாவும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். பேருந்துக்காரரும் நானும் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பண்ணும் அநியாயத்தைப் பேச ஆரம்பித்தோம், விளக்கு போடும்வரை முடிக்கவில்லை. இவ்வளவு பேசுவார் என்று அவர் மனைவிக்கே தெரியாதாம். நர்ஸம்மா அத்தைக்கு முழங்கால் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அத்தை என் பேச்சையோ மகள் பேச்சையோ கேட்டு ஒரு நாளும் காலை மடக்கியதில்லை. இன்று எண்ணி எண்ணி மடக்கினார்.

கிளம்பும்போது இவள் ஒரு சாவியை நீட்டினாள். நாங்கள் மூவரும் வெளியே போகிற நாளில் அவனுக்குச் சாப்பாடு வைக்க உதவியாக இருக்கும் என்று காரணம் சொன்னாள். நர்ஸம்மா வாங்கிப் பார்த்தார். நாங்கள் பூட்டை மாற்றியிருந்தோம், சாவி புதுசு. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

மே 15, வியாழன்

இன்று கடைசி வகுப்பு முடியத் தாமதம். இவள் அத்தையைக் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துத் தெருவில் திரும்பினேன், கூடத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் வெள்ளைச் செருப்பு.

கதவைத் திறந்தேன். என் நாற்காலியில், சீருடையோடே நர்ஸம்மா. இரண்டு பணியைச் சேர்த்துப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மடியில் அவன், நாலு காலையும் விரித்துப்போட்டு. எழ முடியாமல் தவித்தவர், உதட்டில் விரலை வைத்தார்.

“மாப்பிள்ளை தூங்குறாரு.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சமையலறை விளக்கைப் போடாமலே, எதிலும் இடித்துக்கொள்ளாமல், என் வீட்டுக்குள் நான் பூனை மாதிரி நடந்து போய், இரண்டு பேருக்குத் தேநீர் வைத்தேன்.