நீ பிரித்து வைத்த திரை

இன்று காலையும் என் கை இடது மூலைக்குத்தான் போனது. நம் கடைக்கு வந்திருக்கும் புதுக் கணினியில் ஸ்டார்ட் பட்டன் அந்த மூலையில் இல்லை. திரையின் அடியில், நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது மூளைக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. காலி மூலையைச் சொடுக்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தபோது உன் நினைப்பு வந்துவிட்டது. "ஏம்புள்ள, ஊடு மாத்துன பூனையாட்டம் பழைய எடத்துக்கே போயி நிக்கறயே" என்று இந்நேரம் ஆரம்பித்திருப்பாய்.

நான் ஆசைப்பட்டு மாற்றவில்லை. பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது, ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிட்டால் டிசைன் எல்லாம் போய்விடும் என்று ராசிபுரத்து மெக்கானிக் பயமுறுத்திவிட்டார். நீ இருந்திருந்தால் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாய். முன்பு ஒரு தடவை சிஸ்டம் மாற்றியபோது நீ போட்ட சண்டை வெண்ணந்தூர் கடைவீதிக்கே தெரியும். "இவனுக ஊட்டு அஞ்சறைப்பெட்டிய யாராச்சும் மாத்தி வெச்சா சும்மா இருப்பானுங்களா?" என்று கேட்டாய். அந்த மெக்கானிக் பாவம், டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் நீ எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு எனக்கே வகுப்பு எடுத்தாய். திட்டிக்கொண்டே கற்றுக்கொள்வது உன் வழி. நான் வாயைத் திறக்காமல் முழிப்பேன்.

இப்போதும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வலது சொடுக்கில் வரும் பட்டியல் பாதியாகக் குறைந்துவிட்டது. காப்பி, பேஸ்ட் எல்லாம் வார்த்தையாக இல்லாமல் குட்டிக் குட்டிப் படங்களாக நிற்கின்றன. பிரிண்டர் முதல் இரண்டு நாள் இந்தக் கணினியோடு பேசவே மாட்டேன் என்றது. நம் தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாக ஏற்றி, தட்டச்சுப் பலகையைச் சரிசெய்து, மெக்கானிக்குக்குத் தினமும் போன் போட்டேன். அவருக்கு என் எண்ணைப் பார்த்தாலே பயம் வந்திருக்கும்.

இவை எல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து கடை போட்ட புதிதிலேயே நீ ஒரு ஏற்பாடு செய்தாய். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் ஒரே கணினியில்தான் செய்தாக வேண்டும். நம்மிடம் வேறு கணினி இல்லை. அதனால் திரையை இரண்டாகப் பிரித்தாய். கல்யாணம், காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எல்லாம் ஒரு பக்கம், 'சுபம்' என்ற ஃபோல்டரில். இன்னொரு ஓரத்தில் 'மற்றவை'. அதற்கு ஏன் சரியான பெயர் வைக்கவில்லை என்று கேட்டேன். "அந்தப் பேரத் தெனமும் காத்தால கண்ணுல பாக்கோணுமா அம்மணி?" என்றாய். கேதத்துக்குப் போஸ்டர் அடிக்க வருகிறவர்களைச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பாய். பத்திரிகைக்கு வருகிறவர்களுக்குத் திரையின் எதிரே நாற்காலி. போஸ்டருக்கு வந்தவர்களின் வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை மூடி, 'சுபம்' ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அடுத்தவர்களைக் கூப்பிடுவாய். ஒருவர் துக்கம் இன்னொருவர் சந்தோஷத்தின் மேல் படக்கூடாது என்பதில் நீ அவ்வளவு கறாராக இருந்தாய். நான் உன்னை எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். ஊர் இதற்காகத்தான் நம் கடையைத் தேடி வந்தது என்பது எனக்கும் தெரியும்.

போன ஐப்பசியில் உன் வீட்டுக்காரர் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். உன் போஸ்டரை நான்தான் செய்தேன். நாமக்கல்லில் உன் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரையோ கிண்டல் செய்யப் போகிற முகம். அதற்கு மாலை வைத்தேன்.

புதுக் கணினிக்கு எல்லாவற்றையும் மாற்றும்போது அந்த ஒரு கோப்பை மட்டும் 'மற்றவை'க்குள் போட எனக்கு மனம் வரவில்லை. வெளியே தனியாக விட்டுவைத்தேன். கடையைத் திறந்ததும் அதைத் திறப்பேன். "வாடி" என்று சொல்லிவிட்டு மூடுவேன். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

இந்தப் புது சிஸ்டம் ஒரு காரியம் செய்கிறது. நடுவில் இருக்கும் அந்தப் பட்டனை அழுத்தினால், சமீபத்தில் திறந்த கோப்புகளைத் தானாகவே எடுத்து வரிசையாகக் காட்டுகிறது. அதற்குச் சுபமும் தெரியாது, மற்றதும் தெரியாது.

போன வாரம் வளர்பிறை பார்த்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். எழுதிவந்த தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நல்ல நேரத்துக்குள் முதல் எழுத்தைப் போட்டுவிட வேண்டும் என்றார். அவரை எதிரே உட்கார வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். பட்டியல் எழும்பியது. அதில் முதலாவதாக, உன் முகம் சின்னதாக மாலையோடு. பக்கத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற பெயர்.

அந்த அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "ஏனுங்க அம்மணி, நல்ல காரியத்துக்கு வந்திருக்கறமுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அது யார் தெரியுமா, இந்த ஊரில் பாதி வீட்டுப் பத்திரிகைக்கு வார்த்தை போட்டவள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவர் எழுந்து போனதில் தப்பே இல்லை. அவர் உன் சட்டப்படிதான் நடந்துகொண்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "செட்டிங்ஸ்ல போயி அதை ஆஃப் பண்ணீருங்கக்கா, ஒரே ஒரு சுவிட்ச்சுதான்" என்றார். போய்ப் பார்த்தேன், இருந்தது. சமீபத்தில் திறந்த கோப்புகளைக் காட்டவா என்று கேட்டது. எனக்குக் கை வரவில்லை. கணினியின் மேல் என்ன குற்றம்? நான் தினமும் முதலில் உன்னைத்தான் திறக்கிறேன் என்று அது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது. உன்னை இந்தக் கடையில் எங்கே வைப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை. வெளியே வைத்திருந்தால் கடை உன் கடையாக இருக்காது. உள்ளே வைத்தால் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று ஆகிவிடும். அரைமணி நேரம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உன் கோப்பை 'மற்றவை'க்குள் இழுத்துப் போட்டேன், சுவிட்ச்சை அணைத்தேன். இதற்கும் நீ சிரித்திருப்பாய்.

நேற்று அந்த அம்மா திரும்பி வந்தார். கூடவே அவர் நாத்தனார். சேலத்தில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தார்களாம், மனசுக்குப் பிடிக்கவில்லையாம். நாத்தனார் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் மகனுக்கு நம் கடையில் அடித்தது.

"இதே மாதிரி வேணுமுங்க. இந்தக் கடைசி வரிய மட்டும் மாத்திப்போடாதீங்க. அதப் படிச்சுப்போட்டு வராத சொந்தமெல்லாம் வந்துதுங்க."

கடைசி வரியைப் படித்தேன். 'நேரத்தோடு வந்து, ஆற அமர இருந்து, வயிறாரச் சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்.' நீ அதை முதன்முதலில் தட்டியபோது, இது என்ன சாப்பாட்டு மெஸ் போர்டா என்று நான் கேட்டேன். "வாரவங்க பசியோட வாராங்க. அதச் சொல்லிக் கூப்புட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றாய். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதையே போட்டாய்.

'சுபம்' ஃபோல்டரைத் திறந்து அந்தப் பத்திரிகையைத் தேடினேன். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எல்லாவற்றின் அடியிலும் அந்த வரி இருந்தது. திரை கொள்ளாமல் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. எதிரே இரண்டு பெண்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்ணின் பெயரைத் தட்டினேன், மாப்பிள்ளை பெயரைத் தட்டினேன். உன் வரியைத் தொடவில்லை.

'மற்றவை'யில் உனக்கு இருப்பது ஒரே ஒரு கோப்புதான், புள்ள.