அண்ணி ஏன் ஓரத்தில் உட்கார்ந்தார்

என் பிரியமான சாந்தி அண்ணிக்கு,

நாளை காலை பத்து மணிக்கு நான் தோட்டத்து ஆபீஸில் ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். உரம் போடும் பெண்கள் கூட்டத்தை வேலை வாங்கும் மண்டோர் நான் என்பதால் எழுத வேண்டியவளும் நான்தான். வேலை முடிந்து வந்ததிலிருந்து மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே மறுபடியும் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் போன அன்று காலையும் இப்படித்தான் இருட்டியிருந்தது.

அந்தத் தாளை எழுத முடியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் என்றால் தானாக வரும் என்று நினைத்தேன். இதற்குள் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இதை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்போவதில்லை அண்ணி. உங்களைப் பற்றி நாலு பேர் பேசியது எல்லார் காதிலும் விழுந்தது. இதையும் எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. ரூபா நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், நான்காம் படிவத்துப் பாடங்களை என் வீட்டு மேசையில்தான் செய்கிறாள். உங்கள் மகள் இதுவரை என் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார். போய்ச் சேர்ந்தவர் மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு எப்பவுமே அவசரம்லா. நடுவுல எடமா இல்ல? சின்னப்புள்ளயாட்டம் ஓரத்துல போயி உக்காந்திருக்கா."

நான் அவருக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றேன். எல்லாம் கேட்டது. கேட்டுவிட்டு, அடுத்தவருக்குக் காப்பி கொடுக்கப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, பகா டவுனில் அந்த ஆங்கில வகுப்பில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே நீங்கள்தான். "சூப்பர்வைசர் வேலைக்கு மனு போடு விஜி. இங்கிலீஷ்ல ரிப்போட்டு எழுதத் தெரியணுமாம். நானும் தொணைக்கு வரேன்லா" என்றீர்கள். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், நம்மில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தோம். துணைக்கு வந்த நீங்கள்தான் வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்டீர்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு எழுதுகிற ரகம்.

விளக்கக் கட்டுரை என்று டீச்சர் ஒன்று சொல்லிக்கொடுத்தார் இல்லையா? ஒரு காரியம் எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று மட்டும் அதில் சொல்ல வேண்டும். அதில் கதை அளக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, யாருக்கும் சிபாரிசு பண்ணக் கூடாது. தலைப்பே ஒரு கேள்வியாக இருக்கலாம். முதல் வரியில் எதைப் பற்றி என்று சொல்லிவிட்டு, அப்புறம் படி படியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியால் வந்திருக்க வேண்டும். "ஒரு படிய விட்டுட்டா, படிக்கிறவங்க தப்பா எதையாவது நெனச்சிக்குவாங்க" என்று டீச்சர் சொன்னார்.

நான் மழை எப்படிப் பெய்கிறது என்று எழுதினேன். வெயில் அடிக்கிறது, கடல் தண்ணீர் ஆவியாகிறது, மேகம் சேர்கிறது. பாடப் புத்தகத்தில் இருந்ததைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் என்ன எழுதினீர்கள்? என் கணவர் ஏன் வீட்டுக்குத் தாமதமாக வருகிறார் என்று எழுதினீர்கள்! ஐந்து மணிக்கு மரக்கடையில் வேலை முடிகிறது. மோட்டார் சைக்கிள் பசாருக்குப் போகிறது. மீன் கடையில் கூட்டம். கூட்டத்தில் நிற்பதால் பழைய சிநேகிதரைப் பார்க்கிறார். சிநேகிதரைப் பார்த்ததால் காப்பிக் கடை. காப்பிக் கடையில் டிவி, டிவியில் பந்தாட்டம். அதனால் மணி எட்டு. வகுப்பே சிரித்தது.

கடைசி வரியில் டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். கணவர் பசாருக்குப் போவதற்குக் காரணம், நான்தான் மீன் வாங்கி வரச் சொல்கிறேன் என்று முடித்திருந்தீர்கள்.

"என்னக்கா இது, கடைசியில பழி உங்க மேலயே வந்துருச்சே" என்றார் டீச்சர்.

"பழி எதுக்கு டீச்சர்? நடந்தது அதான. மீனு வாங்கச் சொன்னது நான்தான். அத எழுதாம உட்டா மனுசன் சும்மா ஊர் சுத்துறாருன்னுல்ல நெனப்பாங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது உங்களை எவ்வளவு கேலி செய்தேன்! "அந்த வரிய எடுத்துருங்க அண்ணி. அண்ணன் பாத்தாருன்னா அப்புறம் மீனே வாங்க மாட்டாரு" என்றேன். நீங்கள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துச் சிரித்தீர்கள். அன்றைக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

நீங்கள் விழுந்த அன்றைக்கே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். மலாயில் எழுதிப் படித்துக்காட்டினார். டிரெய்லர் ஓரத்தில் உட்காரக் கூடாது என்பது விதி. சாந்தி ஓரத்தில் உட்கார்ந்தார். சின்னப் பாலத்தில் டிராக்டர் தூக்கிப் போட்டது. அவர் விழுந்தார். நாலு வரி. நாலும் உண்மை. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது தலைமை ஆபீஸிலிருந்து, மண்டோரே சொந்தமாக எழுதிய விளக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உதவி மேனேஜர் சின்னத் துரை, சிரம்பானிலிருந்து வந்த நம் ஆள் பையன்தான், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, சுருக்கமா எழுதுங்க. மொத ஸ்டேட்மெண்டுல உள்ளத அப்டியே போட்டா போதும். சூப்பர்வைசர் லிஸ்டுல உங்க பேரு மேல போயிருக்கு, தெரியும்தான?" மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுவே மிரட்டலாகத் தெரிந்தது.

நேற்று அந்த நாலு வரியை ஆங்கிலத்தில் எட்டு வரியாக்கினேன். இன்று பள்ளி விட்டு வந்த ரூபாவிடம் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன். எந்தப் புத்தியில் கொடுத்தேன் என்று தெரியவில்லை. அம்மா செத்ததைப் பற்றி எழுதியதை ஒரு பிள்ளையிடம் யாராவது திருத்தக் கொடுப்பார்களா? அவள்தான் கேட்டாள், நான் நீட்டிவிட்டேன். அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். மூன்றாவது இடத்தில் நின்றுவிட்டாள்.

"அத்த, இதுல ஒரு ஸ்டெப் இல்ல."

"எது?"

"அம்மா ஓரத்துல உக்காந்தாங்கன்னு இருக்கு. ஏன் உக்காந்தாங்கன்னு இல்ல. எங்க டீச்சரா இருந்தா மார்க்க வெட்டிருவாங்க."

அண்ணி, அவள் என்னைப் பிடிப்பதற்காகக் கேட்கவில்லை. பாடத்தில் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"எடம் இல்லடா" என்றேன்.

"ஏன் எடம் இல்ல?"

"உர மூட்ட இருந்துச்சு."

"மூட்ட ரெண்டாவது டிரிப்புலதான வரும்? அம்மா சொல்லியிருக்காங்க."

சொல்லியிருக்கிறீர்கள்! முதல் நடையில் ஆட்கள், இரண்டாவது நடையில் மூட்டை. நம் வழக்கம் அதுதான். அன்று காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிக்கும்போதே மலைப் பக்கம் கறுத்துவிட்டது. மழைக்கு முன்னால் உரத்தைப் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் கரைந்து ஓடிவிடும். மேலே போன லிஸ்டில் என் பெயர் இருக்கிறது. அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மூட்டையையும் ஆட்களையும் ஒரே நடையில் ஏற்றச் சொன்னேன். பெண்கள் மூட்டை மேலும் மூட்டைக்கு நடுவிலும் ஏறிக்கொண்டார்கள். அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். மண்டோருக்கு எதிராகப் பேசிவிட்டு மறுநாள் பெரட்டில் யார் வந்து நிற்பது? டிராக்டர் ஓட்டிய பாக் சுலைமானும் வாயைத் திறக்கவில்லை. இந்தோனேசியாவிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த மனிதர், அவரை என்ன சொல்ல?

"நான்தான்டா ஏத்தச் சொன்னேன்" என்றேன்.

ரூபாவின் பென்சில் தாளில் அப்படியே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அம்மா அடுத்த டிரிப்புல வந்திருக்கலாம்ல?"

"வரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் ஏறுங்கன்னு சொன்னேன்."

"ஏன் அத்த?"

இந்தக் கேள்வியை இத்தனை நாள் நான் என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் மகள் கேட்டுவிட்டாள்.

சொன்னேன் அண்ணி. அதற்கு முந்தின வாரம் ரோட்டோரத்து நிழல் வரிசையை உங்களுக்குக் கொடுத்தேன் இல்லையா? அன்றைக்குப் பெண்கள், மண்டோரோட அண்ணி என்றால் நிழலில் வேலை என்று என் காது படவே பேசிச் சிரித்தார்கள். எனக்கு அது தைத்துவிட்டது. நீங்கள் கீழே நின்று, "எடமில்லையே விஜி, வண்டி திரும்பி வர்றப்ப நான் வரேன்லா" என்றபோது, எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டது. உங்கள் பக்கத்தில் வந்து, இஞ்சின் சத்தத்தில் உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மத்தவங்கல்லாம் ஏறலியா? உங்களுக்கு மட்டும் தனியா வண்டி உடணுமா? ஓரமா உக்காருங்க அண்ணி, ரெண்டு நிமிசந்தான்." பாக் சுலைமான் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் கோபித்திருக்கலாம். வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். நீங்கள், "சரிங்க மண்டோரம்மா" என்று சிரித்துக்கொண்டே ஏறினீர்கள். அதற்கப்புறம் நீங்கள் என்னிடம் பேசவே இல்லை.

இதையெல்லாம் ரூபா தலையைக் குனிந்தபடியே கேட்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனாள். செருப்புகூடப் போடவில்லை. மழை அப்போதுதான் பிடித்தது. பின்னால் ஓடிப் போய் அவளைப் பிடித்து என்ன சொல்ல முடியும் எனக்கு? இரண்டு வீடு தள்ளி உங்கள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் இருக்கும். நனைந்தபடி திரும்பி வந்தாள். சட்டைக்குள்ளிருந்து உங்கள் வகுப்புக் கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கண் சிவந்திருந்தது. வந்த வழியே போய்விட்டாள்.

அண்ணன் ஏன் தாமதமாக வருகிறார் என்ற அந்தக் கட்டுரைதான். உங்கள் கோணல் எழுத்து. மீன் வாங்கச் சொன்னது நான்தான் என்கிற வரிக்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார். அதை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாளே, அவள் என்னை மன்னித்தாளா, இல்லை, பார் என் அம்மா எப்படிப்பட்டவள், நீ எப்படிப்பட்டவள் என்று காட்டினாளா? எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

இதுவரை உங்களுக்கு எழுதிவிட்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டேன். தலைப்பிலேயே கேள்வியை வைத்துப் புதிதாக எழுதினேன். மழை இருட்டியது. மழை வரும் என்று மண்டோர் பயந்தார். பயந்ததால் மூட்டையையும் ஆட்களையும் ஒரே நடையில் ஏற்றச் சொன்னார். மூட்டை இருந்ததால் நடுவில் இடம் இல்லை. சாந்தி அடுத்த நடையில் வருகிறேன் என்று சொன்னார். சொந்தக்காரிக்குச் சலுகை கொடுக்கிறாள் என்று மற்றவர்கள் பேசுவார்களே என்பதற்காக மண்டோர் அவரை ஏறச் சொன்னார். அதனால் அவர் ஓரத்தில் உட்கார்ந்தார். இவ்வளவையும் எழுதிவிட்டு, மண்டோர் என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து, நான் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் பிழை இருக்கும். இந்த முறை அதைத் திருத்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

சூப்பர்வைசர் வேலை போகும். மண்டோர் வேலையும் சேர்ந்தே போகலாம். அதற்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்காமல் போய்விடுவார் என்பதுதான் பயம். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. ஆபீஸில் கொடுப்பதற்கு முன்னால் இதை அண்ணனிடம் படித்துக்காட்டுவேன். தமிழில், ஒரு படி விடாமல். நாளை பத்து மணிக்கு இதே தாளைத்தான் கொடுப்பேன். சின்னத் துரை திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அவசரக்காரி என்று இனி யாரும் உங்களைச் சொல்லக் கூடாது.

நீங்கள் போன பிறகு அண்ணன் பசாருக்குப் போவதில்லை, காப்பிக் கடைக்கும் போவதில்லை. வேலை விட்டு நேராக வீட்டுக்குத்தான் வருகிறார். மோட்டார் சத்தம் கேட்கிறது. தாளை எடுத்துக்கொண்டு போகிறேன்.

உங்களை ஓரமாக உட்காரச் சொன்ன
உங்கள் நாத்தனார்,
விஜயா