நூற்றிருபது சதுர அடி

மார்ச் 3
நகராட்சி அறிவிப்பு வந்தது. வீட்டில் தொழில் புரிவோர் இம்மாத இறுதிக்குள் அனுமதி பெற வேண்டுமாம். தொழிலுக்குப் பயன்படும் பரப்பு நூற்றிருபது சதுர அடியை மிஞ்சலாகாது. மிஞ்சினால் தொழிலை மூட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக என் தையல் மிஷின் முன்னறையில்தான் ஓடுகிறது. விண்ணப்பம் எழுத ஆள் பார்க்கச் சொன்னார் கணவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆயினும் அகராதியை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவள். நான்கு பக்கங்கள் எழுதினேன். 'மேன்மை தங்கிய' என்பது ஆறு இடங்களில் சிறப்பாக அமைந்தது.

மார்ச் 5
கீழ்வீட்டு டியூஷன் வாத்தியார் என்மீது புகார் கொடுத்திருக்கிறார். மிஷின் சத்தமாம். அவர் வீட்டில் முப்பது பிள்ளைகள் வாய்ப்பாட்டை அலறுவது என்ன, தாலாட்டோ?

மார்ச் 11
சர்வேயர் வந்தார். துணி நாடாவால் அறையை அளந்தார், பெருக்கினார். "நூத்திப் பத்தொன்பது. பாஸாயிட்டீங்கம்மா" என்று பேனாவைத் திறந்தார்.

அத்துடன் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அந்த நாடா! நடுவில் நூல் பிரிந்து, கண்ணை உறுத்தியது. ஆயிரம் தோள்களை அளந்த கை சும்மா இருக்குமா?

"ஐயா, தங்கள் நாடா இழுபட்டிருக்கிறது" என்றேன்.

"கவர்மென்ட் டேப்பும்மா அது!"

என் இரும்பு அளவுகோலை அதன்மேல் வைத்துக் காட்டினேன். அவருடைய பத்தடியில் ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக ஒளிந்திருந்தது. அளவுகோலால் மறுபடி அளந்தார். நூற்றிருபத்தொன்றரை.

"இப்ப சந்தோஷமா?" என்று பேனாவை மூடினார்.

அவர் போனதும் கணவர் தலையில் கை வைத்தார். "ஏண்டி, பாஸுன்னு சொன்ன மனுஷனைக் கையப் பிடிச்சு இழுத்து ஃபெயிலாக்கினவ உலகத்துலயே நீ ஒருத்திதான்!"

மார்ச் 12
சோறு இறங்கவில்லை. ஒன்றரை அடி. வெறும் ஒன்றரை அடிக்குப் பன்னிரண்டு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டேனே! வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா என்னடி உனக்கு?

ஆனாலும், நாடா தப்புதானே?

மார்ச் 14
விதிகளை ஏழாம் முறை வாசித்தேன். பயன்படும் பரப்பு என்றுதான் உள்ளது. அறை முழுவதும் என்று எங்குமே இல்லை! மூலையில் இரண்டு சதுர அடிக்குச் சாக்பீஸ் கோடு கிழித்து, 'இல்லறப் பகுதி' என்றெழுதி, முக்காலியிட்டுக் கணவரை அமர்த்தினேன்.

"நான் என்ன பொம்மையா?"

"இல்லை. குடும்பம்."

மார்ச் 19
மறு அளவை கோரி நான் எழுதிய மனுவின்பேரில் சர்வேயர் மீண்டும் வந்தார், புத்தம்புது இரும்பு நாடாவுடன். கோட்டை அளந்தார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் எப்பவும் இங்கதான் இருப்பாரா?"

"இல்லறம் நடைபெறும் வேளைகளில்" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டே கையொப்பமிட்டார். படியில் நின்று சொன்னார்: "உங்களால ஆபீஸ்ல எல்லா டேப்பையும் மாத்திட்டாங்கம்மா. பழசுல அளந்த வீட்டையெல்லாம் திரும்ப அளக்கணும். அடுத்து உங்க கீழ்வீடுதான்."

கதவைச் சாத்திய பிறகே சிரித்தேன். நாகரிகம் முக்கியம்.

மார்ச் 21
வாத்தியார் மாடியேறி வந்தார். "அக்கா" என்றார். இத்தனை ஆண்டுகளில் முதன்முறை. "அந்தச் சாக்பீஸ் கோடு… எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தர முடியுமா? புது டேப்புல மூணடி ஜாஸ்தியாயிடுச்சு."

"புகார்?"

"காலையிலயே வாபஸ் வாங்கிட்டேன்க்கா."

நாளை அளவுகோலுடன் கீழே செல்கிறேன். மூன்றடிக்குள் அவரை அமர்த்துவதா, அவர் மனைவியை அமர்த்துவதா என்பதை நேரில் கண்டே தீர்மானிப்பேன்.