படத்தில் இல்லாத தண்ணீர்

அன்புள்ள அக்கா,

இன்று காலைப் பத்திரிகையைப் பிரித்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. 'இளைஞர்கள் மறியல்: பயணிகள் அவதி' என்று தலைப்பு. நேற்றுக் கண்டி நகரில் அந்தப் பிள்ளைகள் வீதியில் உட்கார்ந்திருந்தபோது நானும் அவ்வழியே போனேன். காலநிலை மாறி மழை தவறுவதையும் மலை சரிவதையும் அட்டைகளில் எழுதித் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். அச்சில் பஸ் பிந்தியவர் பேசுகிறார், கடைக்காரர் பேசுகிறார். பிள்ளைகள் எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. படத்தில் அட்டைகளும் இல்லை.

யுத்த காலத்தில் நான் இதே பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். கலஹாப் பக்கம் உங்கள் தோட்டத்தில், மலையுச்சிக் காட்டை நிர்வாகம் வெட்டத் தொடங்கியதும், குடிதண்ணீர் வந்து விழும் பீலிக் குழாயில் சேறு வந்தது. நீங்களும் லயத்துக் குடியிருப்புப் பெண்களும் அதைப் போத்தல்களில் பிடித்துவந்து, தோட்டத்தை நடத்தும் துரையின் கந்தோர் முன்னால் உயரத் தூக்கிக் காட்டினீர்கள்.

"இத குடிச்சுப் பாருங்கய்யா, அப்புறமா மரத்த வெட்டுங்க" என்று துரையிடம் சொன்னீர்கள். நான் படம் எடுத்தேன், காரணத்தையும் விவரமாக எழுதி அனுப்பினேன்.

வெளிவந்த படத்தை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். தூக்கிய கைகளும் திறந்த வாய்களும் மட்டும். மேலே 'தோட்டத்தில் பதற்றம்'. தமிழ்ப் பெண்களின் படத்துக்கு மேல் அந்தச் சொல்லைப் போட்டால் அன்று என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? மறுநாளே பொலிஸார் புலிச் சந்தேகத்தில் உங்களை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். விட்டது பதினொரு நாள் கழித்து. காரணத்தை ஏன் போடவில்லை என்று பத்திரிகையில் கேட்டேன். "பக்கத்தில இடம் காணாது" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்த நீங்கள் என்னைத் திட்டவில்லை. பத்திரிகைத் துண்டை நீட்டினீர்கள்.

"எங்க கையெல்லாம் போட்டிருக்கீங்க தம்பி, தண்ணி எங்க?"

நீங்கள் இறந்துபோன பின்னும் அந்தப் பீலி தெளியவில்லை.

இன்று பத்திரிகைக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, பிள்ளைகளின் காரணம் எங்கே என்று கேட்டேன். "இடம் காணாது ஐயா" என்றார் ஒருவர். வாகன நெரிசலுக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்ததாக்கும்.

வெட்டாத படம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகள் நாளையும் உட்காரப்போகிறார்களாம். அந்தப் படத்தை அவர்களிடம் காட்டப்போகிறேன். அட்டையைத் தலைக்கு மேலே தூக்காதீர்கள், கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள் என்று சொல்லப்போகிறேன். வெட்டுவதென்றால் முகத்தையும் சேர்த்து வெட்டட்டும்.