நான்கு நிமிடத் தாமதம்

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உடல் நலம்தானே? தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் துண்டிக்கும் வழக்கத்தை நீங்கள் விடவில்லை, ஆகவே எழுதுகிறேன். அம்மாவின் காரியத்துக்கு வந்திருந்த நான்கு நாளும் சுவரைப் பார்த்தே என்னோடு பேசினீர்கள். ஆனாலும் நான் அனுப்பிய விமானச் சீட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு நன்றி.

வழியைச் சொல்கிறேன். மே முதல் நாள் காலை பத்து மணிக்கு விமானம் இறங்கும். வெளியே வந்ததும் வாடகைக் கார்க்காரர்கள் சூழ்வார்கள், போக வேண்டாம். வேன்காரர்கள் ஆள் நிறைந்தால்தான் கிளம்புவார்கள், அதுவும் வேண்டாம். நகரும் படியில் கீழே இறங்கினால் தொடர்வண்டி. இத்துடன் வைத்துள்ள பயண அட்டையை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை வாயிலில் காட்டினால் போதும். கடைசி நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பேருந்து நிலையம். நான்காம் நடைமேடையில் இரண்டு நாற்பதுக்குப் புறப்படும் பேருந்தில் ஏறுங்கள். அதில் மட்டுமே ஏறுங்கள். இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஊர். வீட்டு முகவரி அட்டையின் உறையில் இருக்கிறது.

தங்கள் மகள்


மார்ச் 26

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? சுற்றறிக்கை! ஏறுக, இறங்குக, கடக்க, காட்டுக! இத்தனை எழுதியவளுக்கு 'அழைக்க வருகிறேன்' என்று ஒரு வரி எழுத மை இல்லையா? கடல் கடந்து வருகிறவன் உன் அப்பனா, அஞ்சல் பொதியா?

முப்பத்தோர் ஆண்டு பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளனாக இருந்தவன் நான். என் ஒப்பம் விழாமல் ஒரு வண்டியும் வாயிலைத் தாண்டியதில்லை. ஒரு நிமிடம் பிந்தியவனுக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தவன். 'டேய், கடிகாரம் வருது, பீடிய அணை' என்று ஓட்டுநர்கள் நடுங்கியதைக் கண்ணால் கண்டவள் நீ. எனக்கா வண்டி நேரம் கற்பிக்கிறாய்?

அங்கே நீ என்ன வேலை செய்கிறாய் என்பதை நான் மறக்கவில்லை, மறக்க முயல்கிறேன். அந்தப் பேச்சை நீ எடுக்கக் கூடாது. வருகிறேன், உன் அம்மா கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான் என்பதால்.

அப்பா


மே 1, மாலை நான்கு மணி
(உன் கதவிடுக்கில் செருகியது)

மகளே,

உன் வீட்டுப் பூட்டு நலமாக இருக்கிறது. ஒரு மணி நேரமாக அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேருந்து நிலையத்தை நான் அடைந்தபோது பன்னிரண்டு ஐம்பது. அட்டவணைப் பலகையைப் பார்த்தேன். உன் ஊருக்கு ஒரு மணிக்கு ஒன்று, ஒன்று ஐம்பதுக்கு ஒன்று. முன்னால் இரண்டு வண்டி இருக்க, பெற்றவனை நூற்றுப்பத்து நிமிடம் மரப்பலகையில் உட்கார வைக்கும் திட்டத்தை எந்த மூளை வகுக்கும்? உன் பிழையை நான் திருத்தினேன். ஒரு மணி வண்டியில் ஏறி, மூன்று மணிக்கு உன் வாசலில் நின்றேன்.

மழை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, நீ வேலைக்குப் போயிருப்பதாகச் சைகையில் சொன்னாள். அப்பன் வருகிற நாளில் வேலை! பதினோர் ஆண்டு வேலை பார்த்தவளுக்கு ஒருநாள் விடுப்பு கிடைக்காதோ?

பேருந்து ஏறுமுன்பே தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியைப் பார்த்து வைத்தேன். அங்கே போகிறேன். சீட்டை மாற்றிக்கொண்டு ஊர் திரும்புவேன்.

அப்பா


மே 2, காலை
(விடுதி வரவேற்பறையில் கொடுக்க)

அப்பா,

நேற்றே நேரில் வந்திருப்பேன். வாய் வரம்பு மீறிவிடும் என்று அஞ்சி எழுதுகிறேன்.

திருத்தினீர்களாம்! உலகத்து அட்டவணைகளையெல்லாம் திருத்துங்கள், உங்களைத் தவிர! அந்த இரண்டு நாற்பது வண்டியை ஓட்டுகிறவள் நான். விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனதே உங்களை ஏற்றிக்கொண்டு வரத்தான்.

அதை முன்பே எழுதியிருந்தால் வந்திருப்பீர்களா? நான் கனரக வண்டி ஓட்டும் உரிமம் வாங்கிவந்த அன்று, பணிமனை முற்றத்தில் நாற்பது பேர் நடுவே என்ன சொன்னீர்கள்? 'பொம்பள ஓட்டுற வண்டில என் காலு படாது. அது என் மகளாவே இருந்தாலும் சரி!' நாற்பது பேரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மெய்யாகவே சொன்னீர்கள். அதுதான் இன்றும் சுடுகிறது.

முன்னிருக்கையில் என் மேலங்கியைப் போட்டு இடம் வைத்திருந்தேன். இரண்டு நாற்பது ஆயிற்று. நீங்கள் வரவில்லை. கதவை மூட எனக்குக் கை வரவில்லை. நாள்தோறும் வரும் நம்மூர்த் தச்சர் ஒருவர் கேட்டார்:

"என்னம்மா, வண்டி நகருமா, இல்ல நான் எறங்கித் தள்ளணுமா?"

"எங்கப்பா வராருங்க. முதல் தடவை."

"அப்பாவா? அப்ப நில்லு. எவனாச்சும் கத்துனா நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நிமிடத்தில் அவரே கத்தினார்: "தாயே, உங்கப்பா நடந்தா வராரு?"

நான்காம் நிமிடம் புறப்பட்டேன். பதினோர் ஆண்டில் என் முதல் தாமதம். நீங்கள் திரும்பிய வண்டி வழியில் என்னை எதிரே கடந்திருக்கும். இன்று காலை விளக்கம் கேட்டுத் தாள் வந்துவிட்டது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் குறிப்பாணை எழுதியவர், ஒன்றைக் கையில் வாங்கியும் பாருங்கள்.

நாளை இரண்டு நாற்பதுக்கு நான்காம் நடைமேடையில் கதவு திறந்திருக்கும். அதில் ஏறினால் என் வீட்டுக்கு வரலாம். வேறு எந்த வண்டியில் வந்தாலும் என் வீட்டுக் கதவு திறக்காது. ஏற மனமில்லையென்றால் சாலைக்கு அந்தப் பக்கம் தொடர்வண்டி. நேரே விமான நிலையம். இம்முறை ஒரு நொடியும் நிற்கமாட்டேன்.

மகள்


மே 3, காலை
(பேருந்து நிலைய அலுவலகத்தில் கொடுக்க)

ஓட்டுநருக்கு,

என் சினம் தணியவில்லை. பெற்றவனை ஏமாற்றி வண்டியேற்றப் பார்த்தது ஒரு குற்றம். மேலங்கியைப் போட்டு இடம் பிடித்தது இன்னொரு குற்றம். என் பணிமனையாக இருந்தால் அதற்குத் தனிக் குறிப்பாணை. ஒரு பயணிக்காக வண்டியையே நிறுத்தி வைத்தது எல்லாவற்றிலும் பெருங்குற்றம். அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

தாளைப் பார்த்தேன். மொழி புரியவில்லை, அடியில் காரணம் எழுத விட்ட வெற்றுக் கட்டம் மட்டும் புரிந்தது. எல்லா நாட்டிலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கிறது. முப்பத்தோர் ஆண்டில் எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். யார் குழந்தைக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் சாவோ! ஒன்றையும் நான் படித்ததில்லை. படிக்காமலே ஒப்பமிட்டேன்.

உன் கட்டத்தை நானே நிரப்பிவிட்டேன். விடுதிப் பெண் தன் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினாள், அதைப் பார்த்துக் கட்டத்தில் எழுதிய கை என்னுடையது. எழுதியது இதுதான்: 'தாமதத்துக்குப் பொறுப்பு பயணி. குறித்த வண்டியைப் புறக்கணித்து வேறு வண்டியில் ஏறினான். ஓட்டுநர் மீது குற்றமில்லை. ஒப்பம்: ஓட்டுநரின் தந்தை.'

கடைசிச் சொற்களை எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் பொறுமையாக நின்றாள்.

இன்று வருகிறேன். எனக்காக இடம் பிடிக்காதே, வரிசையில் நிற்பேன். ஏறினாலும் உன்னோடு ஒரு சொல் பேசமாட்டேன். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது. இறங்கியதும் இருக்கிறது உனக்கு.

இப்படிக்கு,
பயணி